"போதும்" என்று யார் யாருக்குச் சொல்வது?

ஒரு வருஷக் கடைசி இரவு. எங்களில் நாலு பேர் ஒரே ஆலயத்தில் இருந்தோம். குளிர் தாங்காமல் பெண்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வசனம், பிலிப்பியர் 4. பிரசங்கியார் சொன்னது இதுதான்: "சம்பளம் கூடலன்னு முணுமுணுக்கிறீங்க. வீடு இல்லன்னு முணுமுணுக்கிறீங்க. பவுல் ஜெயில்ல இருந்துக்கிட்டே மனநிறைவா இருந்தாரு. உங்களுக்கு என்ன குறைச்சல்?" பாயில் இருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். முந்தின நாள் வரை கூடை கட்டி மலை ஏறியவர்கள் அவர்கள்.

ரெண்டு வாரம் கழித்து டவுனில் ஒரு மண்டபம். வேறு பிரசங்கியார், பெரிய ஸ்பீக்கர். இவர் அப்படியே எதிர்ப்பக்கம். "நீங்க ஏழையா இருக்கிறது தேவ சித்தம் இல்ல. சின்னதா நினைக்கிறதாலதான் சின்னதா இருக்கிறீங்க. ஒரு நாள் பேரை விதையாப் போடுங்க, நூறு மடங்கா அறுப்பீங்க." அதே பெண்களில் சிலர் அங்கேயும் இருந்தார்கள். சுருக்குப்பையைத் திறந்தார்கள். கை நடுங்கியது குளிராலா வேறு எதனாலா தெரியாது.

இந்த ரெண்டு பிரசங்கமும் ஒன்றுக்கொன்று எதிரி மாதிரித் தெரியும். ஒன்று "ஆசைப்படாதே" என்கிறது, மற்றது "ஆசைப்படு, ஆண்டவர் தருவார்" என்கிறது. நடந்ததைப் பாருங்கள். முதலாவது அந்தப் பெண்களின் வாயை மூடியது. ரெண்டாவது அவர்களின் பையைத் திறந்தது. ரெண்டிலும் இழந்தவர் ஒருவர்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மனநிறைவுக்கு எதிராக இதை எழுதவில்லை. கிறிஸ்தவ வாழ்க்கையில் மனுஷன் கற்றுக்கொள்ள வேண்டியதில் அது மிகப் பெரியது என்று நம்புகிறோம். அதனால்தான் கோபம். நல்ல மருந்தைத் தப்பான ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிறையில் எழுதிய கடிதம்

பிலிப்பியர் 4ஐ முழுசா வாசிப்போம். பவுல் அதை எழுதும்போது கைதி. பிலிப்பி ஊர்ச் சபை அவருக்குப் பணமும் உதவியும் அனுப்பியிருக்கிறது. அதற்கு நன்றி சொல்கிற இடத்தில்தான் அந்த மனநிறைவு வசனம் வருகிறது. அதாவது, ஒருவர் தனக்கு வந்த உதவியைப் பெற்றுக்கொண்டு, "நீங்கள் அனுப்பியது சந்தோஷம், ஆனால் நான் பணத்தை நம்பி நிற்கவில்லை" என்று தன்னைப் பற்றிச் சொல்கிறார். குறைவிலும் நிறைவிலும் வாழக் கற்றுக்கொண்டேன் என்பது அவருடைய சாட்சி. இன்னொரு கைதியைப் பார்த்து "உனக்கு இந்தச் சங்கிலி போதும்" என்று அவர் சொல்லவில்லை. சிறை அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டும் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதே பிலிப்பி ஊரில் பவுல் முன்பு ஒருமுறை சிறையில் இருந்தவர். அப்போஸ்தலர் 16இல் அந்தக் கதை. விசாரணையே இல்லாமல் அடித்து, தொழுமரத்தில் காலை மாட்டினார்கள். ராத்திரி அவரும் சீலாவும் பாடினார்கள். இதுவரை எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். விடிந்தபிறகு நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. அதிகாரிகள் "சத்தமில்லாமல் போய்விடுங்கள்" என்று ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிமக்கள், விசாரிக்காமல் ஊர் முன்னால் அடித்தீர்கள், இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து வெளியே கூட்டிப் போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்து வந்து மன்றாடினார்கள்.

ராத்திரி பாடியவரும் காலையில் உரிமை கேட்டவரும் ஒரே ஆள். மனநிறைவு அவருடைய வாயை மூடவில்லை. பயத்தைத்தான் போக்கியது.

நம் ஆட்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரிய வேண்டும். "நான் இந்த நாட்டுப் பிரஜை" என்று பவுல் சொன்ன அந்த ஒரு வார்த்தையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் தாத்தா பாட்டிமாரின் வாயிலிருந்து பிடுங்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். நாடற்றவர்களாக இங்கேயே தங்கிப்போனவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பவுலின் கடிதத்தை வைத்து நமக்குப் பொறுமை போதிப்பவர்கள், அதே பவுல் அதே ஊரில் பேசிய உரிமைப் பேச்சையும் சேர்த்துப் போதிக்கட்டும்.

கூலி என்ற சொல்

அடுத்து 1 தீமோத்தேயு 6. தேவபக்தியோடு மனநிறைவும் இருந்தால் அதுவே பெரிய லாபம் என்கிற இடம். சுவரில் மாட்டும் கலண்டரில் அடிக்கடி வரும். அதற்கு முந்தின வசனத்தைக் கலண்டரில் போட மாட்டார்கள். அங்கே பவுல் திட்டுவது கூலிக்காரர்களை அல்ல, பக்தியை வைத்துக் காசு பார்க்கலாம் என்று நினைக்கும் போதகர்களை. கொஞ்சம் முன்னால் போனால் ஐந்தாம் அதிகாரம்: போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே, வேலை செய்கிறவன் கூலிக்கு உரியவன். கொஞ்சம் பின்னால் போனால் பணக்காரர்களுக்குக் கட்டளை: பணத்தை நம்பாதே, கொடு. ஆக, கூலியைக் கொடு, பக்தியை வியாபாரமாக்காதே, போதும் என்று இரு, இருப்பவன் பகிர்ந்து கொடு. நாலும் ஒரே கடிதம். நமக்கு மட்டும் மூன்றாவதைத் தனியாக வெட்டித் தருகிறார்கள்.

மலாக்கி 3ம் அப்படித்தான். தசமபாகம் கேட்கும்போது பத்தாம் வசனம் எல்லா மேடையிலும் ஒலிக்கும். ஐந்தாம் வசனம்? கூலிக்காரனின் கூலியில் அநியாயம் செய்பவனுக்கும், விதவையையும் அனாதையையும் ஒடுக்குபவனுக்கும் எதிராகத் தேவன் தானே சாட்சிக் கூண்டில் ஏறுவேன் என்கிறார். பத்துக்கும் ஐந்துக்கும் நடுவில் நாலு வசனம்தான். பக்கம்கூடத் திருப்ப வேண்டாம்.

இனி மலைக்கு வருவோம். 2021 மார்ச்சில் நாள் சம்பளம் 1,000 ரூபாவானது. 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. அதுக்கே கம்பனிகள் நீதிமன்றம் போயின. அடுத்த வருஷம் நாடு கவிழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருஷத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் 195 ரூபா. ஆயிரம் ஆயிரமாகவே நின்றது, அது வாங்கித் தந்த மாவும் பருப்பும் பாதியானது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் 1,700 என்று அறிவித்தார்கள். மறுபடியும் வழக்கு. செப்டெம்பரில் 1,350ஆக வந்து நின்றது. 2026க்கான வரவு செலவுத் திட்டம் 1,550ஓடு அரசாங்கம் தரும் வருகைப்படி 200ஐயும் சேர்த்து 1,750 என்றது. நாட்டின் தேயிலை ஏற்றுமதி வருமானமோ 2024இல் 140 கோடி டொலரைத் தாண்டியது.

அந்த நாள் சம்பளமும் முழுசா வருமா? பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து எடுத்தால்தான் முழுப் பேர். மழை, அட்டை, காடாகிக் கிடக்கும் மலை, எதுவும் கணக்கில்லை. கிலோ குறைந்தால் அரைப் பேர். யாத்திராகமம் 5 வாசித்தவர்களுக்கு இது பழக்கப்பட்ட கதை. பார்வோன் வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்கிறான். ஜனங்கள் முறையிட்டால் "சோம்பேறிகள்" என்கிறான். இந்தச் சொல்லைப் பெரட்டுக்களத்தில் கேட்காத வீடு நம் லயங்களில் உண்டா?

யாக்கோபு 5 சொல்வது, வயலறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் தேவனுடைய காதுக்கு எட்டிவிட்டது என்று. உபாகமம் 24 பொழுது சாய்வதற்குள் கூலியைக் கொடு என்கிறது, அவன் ஏழை, அதன்மேல்தான் உயிரை வைத்திருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. இந்த ரெண்டு அதிகாரத்தையும் சம்பள நாளை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவையாவது எங்கள் ஆலயங்களில் பிரசங்கித்து நாங்கள் கேட்டதில்லை. "ஒரு தடவை"கூட என்பதை அழுத்தியே சொல்கிறோம்.

காரணம் இல்லாமல் இல்லை. தோட்டத் தமிழருக்கென்று 1854இல் ஆரம்பித்த மிஷனின் பெயரே "தமிழ்க் கூலி மிஷன்". தோட்டத் துரைமாரின் ஆதரவும் சந்தாவும் அதற்குப் பின்னால் இருந்தன. காசு தந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது யாக்கோபு 5ஐத் திறக்க எந்த உபதேசியாருக்குத் தைரியம் வரும்? நன்றி கெட்டுப் பேசவில்லை. மிஷன்கள் பள்ளிக்கூடம் தந்தன. ஹட்டனில் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஹைலண்ட்ஸ். அங்கே படித்து வந்தவர்களால்தான் இந்த மலைக்கு எழுத்தும் குரலும் வந்தது. ஆனால் கணக்கில் ரெண்டு பக்கமும் எழுத வேண்டும். படிக்கக் கற்றுக்கொடுத்த சபை, கூலியைப் பற்றிப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. "கூலி" என்று நம்மை இழிவாகக் கூப்பிட்டார்கள். அதே சொல் நம் வேதாகமத்தில் நியாயத்தின் சொல்லாக இருக்கிறது என்பதை மட்டும் யாரும் காட்டித் தரவில்லை.

படுக்கையில் முகம் திருப்பிய ராஜா

மனநிறைவு உள்ளவன் எப்படி இருப்பான்? நாங்கள் 1 இராஜாக்கள் 21ஐக் காட்டுவோம். நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். பக்கத்தில் ஆகாபின் அரண்மனை. ராஜாவுக்கு அந்த நிலத்தில் கீரைத்தோட்டம் போட ஆசை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமென்றால் காசு தருகிறேன் என்கிறான். நாபோத் "தகப்பன்மாரின் சொத்து, தர மாட்டேன்" என்கிறான்.

யார் இங்கே போதும் என்கிற மனசுக்காரன்? நாபோத். கூடுதல் நிலமும் காசும் வீட்டு வாசலுக்கே வந்தும் வேண்டாம் என்றவன் அவன். யார் மனக்குறைக்காரன்? அரண்மனையில் இருப்பவன். சாப்பிடாமல், படுக்கையில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தவன் ராஜா. அப்புறம் என்ன நடந்தது? ஊரில் உபவாசம் கூறினார்கள். நாபோத்தை முன்னால் உட்கார வைத்தார்கள். பொய்ச் சாட்சி சொல்லிக் கல்லெறிந்து கொன்றார்கள். உபவாசக் கூட்டத்தின் பேரில்தான் அந்த நிலம் கைமாறியது என்பதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து நின்ற கூட்டத்தில் இருந்தவர். அவர் கேட்டது புதுசா ஒன்றையும் அல்ல. இருக்கிற மண்ணிலிருந்து எங்களைத் துரத்தாதே என்பதுதான். அவரைப் பேராசைக்காரர் என்று யாராவது சொல்ல முடியுமா? அப்படியென்றால் இன்றைக்கு 7 பேர்ச் காணிக்கும் உறுதிப் பத்திரத்துக்கும் வரிசையில் நிற்கிறவர்களிடம் மட்டும் ஏன் "பரலோகத்தில் வாசஸ்தலம் உண்டு" என்று சொல்லி அனுப்புகிறோம்?

லயத்தோடு திருப்திப்படு என்பது சில நேரம் உயிரையே கேட்கும் போதனை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வருஷக்கணக்குக்கு முன்பே எச்சரித்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மலைகள் மறுபடியும் சரிந்தன. சரிவின் அடியில் இருக்கிறவனுக்குப் போதுமென்ற மனம் வேண்டாம். வேறு இடத்தில் வீடு வேண்டும்.

விதையும் துண்டும்

இப்போது அந்த ரெண்டாவது மண்டபத்துக்கு வருவோம். "விதை போடு" பிரசங்கம் நம் தோட்டங்களில் ஏன் எடுபடுகிறது? முதல் பிரசங்கம் கைவிட்ட இடத்தில் இது நுழைகிறது. உன் கஷ்டம் உண்மை என்று இவராவது ஒத்துக்கொள்கிறார். அந்த ஒத்துக்கொள்ளலுக்கே ஜனம் அழுகிறது. அதுக்குப் பிறகு கேட்கும் காணிக்கைதான் கொடுமை. சம்பளம் கூடாததற்குக் காரணம் கம்பனியோ சட்டமோ அல்ல, உன் விசுவாசக் குறைவு என்றாகிவிடுகிறது. விதை போட்டும் அறுவடை வராவிட்டால் அதுவும் உன் குற்றம்தான்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்கா, மைக்ரோ பினான்ஸ் லோன் கட்ட இன்னொரு லோன் எடுத்தவர். வாரத்தவணைக்காரன் வரும் நாளில் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்பார். அவர் அந்த மண்டபத்தில் விதையாகப் போட்டது அந்த லோன் காசில் மிச்சம் இருந்தது. "கடன் தீரணும்னுதான் தம்பி போட்டேன்" என்றார். நாங்கள் என்ன பதில் சொல்வது? வங்கி கைவிட்டது, சங்கம் கைவிட்டது, சபையும் அவரிடம் வசூல்தான் செய்தது.

கடன் நமக்குப் புதுசல்ல. நம் முன்னோர் மலையேறியதே கடனில்தான். கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் ஏறிய "துண்டு" என்கிற காகிதம் இருந்தது. அந்தக் கடனைத் தீர்க்காமல் தோட்டம் மாற முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருஷம் கழித்து நம் லயத்து இஸ்தோப்பில் தவணைக்காரன் வேறு ஒரு துண்டோடு நிற்கிறான். அந்தக் கடனை அறுக்க வேண்டிய சபை, அதன்மேல் இன்னொரு துண்டை எழுதக் கூடாது. உபாகமம் 14இன்படி மூன்றாம் வருஷத் தசமபாகம் ஊரிலேயே வைக்கப்பட்டு, பரதேசியும் அனாதையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட வேண்டும். காணிக்கை ஏழையிடமிருந்து மேடைக்குப் போவதல்ல, ஏழைக்குத் திரும்பி வருவது.

எங்களுக்கும் வலிக்க வேண்டிய பகுதி

இதுவரை மற்றவர்களைச் சொன்னோம். எங்களைச் சொல்லாவிட்டால் இது யோக்கியமான கட்டுரை இல்லை. போதும் என்கிற மனசு எங்களிடம் இருக்கிறதா? இல்லை. எங்களில் ஒருவன் கொழும்பில் கடையில் நிற்கிறான். முதல் ஆறு மாதச் சம்பளம் போன் லீசிங்குக்குப் போனது. ஊருக்கு வரும்போது அந்தப் போனை எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தான். இன்னொருத்தியின் தங்கச்சி சடங்குக்கு ஹோல், கேக், ட்ரோன் கெமரா. அம்மாவின் தோடு இன்னும் அடகில்தான். நத்தாருக்கு வீடு முழுக்க சீரியல் பல்ப், பெப்ரவரி வரை அரிசிக் கடன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்து லயம் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் மனநிறைவு என்பது எங்களுக்கு நேராக வருகிறது, தப்பிக்க முடியாது. துரை வீட்டைப் பார்த்து ஆசைப்படுவதும் நியாயம் கேட்பதும் வேறு வேறு. சம்பளம் கூடி, அது முழுக்க அடுத்த மொடல் போனுக்குப் போனால் நாம் ஜெயித்தது என்ன? துண்டின் பேர்தான் மாறியிருக்கும். கடனில் முங்கியவனால் வேலைநிறுத்தத்திலும் நிற்க முடியாது. மூன்றாம் நாள் தவணைக்காரன் வந்துவிடுவான், நாலாம் நாள் அவன் மலைக்குப் போய்விடுவான். ஆசை குறைந்தவனைத்தான் விலைக்கு வாங்க முடியாது.

மன்னாவின் கதையை நாங்கள் இப்படித்தான் படிக்கிறோம். யாத்திராகமம் 16. ஒவ்வொருவரும் தேவைக்கு எடுத்தார்கள். அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சம் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. அடுத்த நாளைக்குப் பதுக்கியது புழுத்தது. இதைவிட நல்ல மனநிறைவுப் பாடம் வேதத்தில் இல்லை. ஆனால் அந்தப் பாடம் எங்கே நடந்தது? வனாந்தரத்தில், எகிப்தை விட்டு வெளியே வந்த பிறகு. செங்கல் சூளையில் நின்றவனிடம் "இந்த வைக்கோல் போதும்" என்று தேவன் சொல்லவில்லை. அவன் கூக்குரலைக் கேட்டார், வெளியே கொண்டுவந்தார், அப்புறம்தான் தேவைக்கு மட்டும் எடு என்று கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடமும் எல்லாருக்கும் சமமாக. ஒருவனுக்கு மன்னா, இன்னொருவனுக்கு பங்களா என்று அல்ல.

இப்படி வாழ்ந்தவர்கள் இந்த மலைநாட்டிலேயே உண்டு. இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இருந்து வேலை செய்யும் இடமாக அதை வைத்தார். தோட்டங்களில் பஞ்சம் வந்து ஜனம் செத்துக்கொண்டிருந்த 1974இல், தோட்டப் பகுதிகளுக்கான ஒருங்கிணைப்புச் செயலகம் உருவானதிலும் அவர் கை உண்டு. 2017இல் இறக்கும் வரை தோட்டத் தொழிலாளருக்காகப் பேசினார், எழுதினார். தனக்கென்று சொத்து வேண்டாம் என்று வார்த்தைப்பாடு கொடுத்த மனுஷன், அடுத்தவரின் கூலிக்காக ஓயாமல் பேசினார். இந்த ரெண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

வேண்டுமென்றால் எங்கள் வீட்டிலேயே உண்டு. எங்களில் ஒருவரின் அம்மாயி. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்தவர். சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியே எடுத்து வைப்பார், சபையில் யாருக்காவது இல்லாமல் போனால் அதுக்கு. புதுச் சேலை வாங்கிக்கொடுத்தால் "இருக்கிறது கிழியட்டும்டா" என்பார். 2018இல் ஆயிரம் ரூபா கேட்டு ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது இவரும் போய் உட்கார்ந்தார். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியிருந்தன, கூடினாலும் அவருக்கு ஒரு சதம் வராது. "உங்களுக்குத்தான் எல்லாம் போதுமே அம்மாயி, எதுக்கு வெயில்ல?" என்று கேட்டோம்.

"எனக்குப் போதும்டா. அவன் புள்ளைகளுக்குத் தர்றது போதாது" என்றார்.

"சபையைச் சங்கமாக்கப் பார்க்கிறீங்களா?"

பெரியவர்கள் கேட்கப்போகும் கேள்வி இதுதான், எங்களுக்குத் தெரியும். இல்லை, பாஸ்டர் ஐயா. சங்கத்தை நாங்கள் நன்றாகவே பார்த்திருக்கிறோம். சந்தா வெட்டும்போது காட்டும் வேகத்தைச் சம்பளப் பேச்சில் காணோம் என்று அங்கேயும் சண்டை போடுகிறோம். சபை சங்கமாக வேண்டாம், சபையாக இருந்தால் போதும். தேர்ந்தெடுத்த வசனத்தோடு நிறுத்தாமல் முழு அதிகாரத்தையும் வாசிக்கிற சபை.

இன்னொரு பக்கம் சிலர் லூக்கா 3ஐக் காட்டுவார்கள். யோவான் ஸ்நானகன் சம்பளத்தோடு திருப்தியாக இருங்கள் என்றானே என்பார்கள். யாரிடம் சொன்னான்? வாள் வைத்திருக்கும் சேவகரிடம். எதற்காக? ஜனத்தை மிரட்டிப் பறிக்காமல் இருக்க. அதே இடத்தில் ரெண்டு அங்கி இருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றும் சொன்னான். கூடை சுமப்பவளிடம் அந்த வசனத்தைக் கொண்டுவந்து வைப்பது எந்த ஊர் வியாக்கியானம்?

நாங்கள் கேட்பது பெரிய விஷயங்கள் இல்லை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு யாக்கோபு 5ஐப் பிரசங்கியுங்கள், முன்வரிசையில் தோட்ட அதிகாரி இருந்தாலும். கடனில் இருப்பவரிடம் விதைக் காணிக்கை வாங்காதீர்கள். கொண்டுவந்தால் திருப்பிக் கொடுத்து, என்ன கடன் என்று கேளுங்கள். சபையின் வரவு செலவை வருஷம் ஒருமுறை சுவரில் ஒட்டுங்கள், பிடியரிசி போட்டவரும் படித்துப் பார்க்கட்டும். மனநிறைவைப் பற்றிப் பேசும்போது முதலில் உங்களைப் பற்றிப் பேசுங்கள், பவுல் பேசியது போல. எதை வேண்டாம் என்று விட்டீர்கள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால் நாங்களும் விடுவோம்.

நாங்கள் செய்யப்போவதையும் சொல்கிறோம். இந்த வருஷம் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் லோன் எடுப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். சடங்கோ கல்யாணமோ, லயத்து ஆட்கள் சேர்ந்து சமைத்து இஸ்தோப்பில் சாப்பிடுவது. மாதம் ஆளுக்கு 500 ரூபா ஒரு பொதுப்பெட்டியில். தவணை கட்ட முடியாமல் கதவைச் சாத்தும் வீட்டுக்கு அதிலிருந்து வட்டியில்லாமல் போகும். எவ்வளவு நாள் தாக்குப்பிடிப்போம் தெரியாது. எங்களில் ஒருவன் ஏற்கனவே புது போனை விசாரித்துக்கொண்டிருக்கிறான், அவனிடம் பேச வேண்டும். முதல் மாதப் பெட்டியில் 6,500 ரூபா சேர்ந்தது. அந்த அக்காவின் ஒரு தவணை அதில் போய்விட்டது.